நாலு சீட்டும் ஒரு பொத்தானும்

2019 டிசம்பர் கடைசி வாரம். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். ஊராட்சித் தேர்தலுக்காக வகுப்பறை பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி, மூலையில் அட்டைத் தடுப்பு வைத்திருந்தார்கள். பனி விலகாத காலையிலேயே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு பாட்டி, முன்னால் நின்ற பையனின் தோளைத் தட்டிக் கேட்டார்.

"ஏப்பா, ரோஸ் சீட்டு பிரசிடெண்டுக்குத்தான?"

"ஆமா அப்பத்தா. வெள்ளை நம்ம வார்டு மெம்பருக்கு. பச்சை யூனியன் கவுன்சிலர். மஞ்சள் மாவட்டக் கவுன்சிலர்."

"நாலையும் மடிச்சுத்தான போடணும்?"

"மை காய்ஞ்சதும் மடிங்க. இல்லேன்னா அடுத்த சின்னத்துல ஒட்டிக்கும்."

பாட்டி திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் இதே பள்ளிக்கூடத்தில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டவர்தான். அன்றைக்கு இத்தனை விசாரணை இருந்ததா என்று கேட்டேன். "எம்.பி. ஓட்டுன்னா ஒரு அமுக்கு, வந்துருவேன். இது அப்படியா? நாளைக்குக் கொழாயில தண்ணி வரலேன்னா யாரு வீட்டு வாசல்ல போய் நிக்கணுமோ, அவுகளத்தான இன்னிக்கு எடுக்குறோம்?" என்றார்.

ஓட்டுப் போடுகிறவருக்கு எந்தத் தேர்தல் முக்கியம், டெல்லிக்கு ஆள் அனுப்புவதா, ஊருக்கு ஆள் வைப்பதா என்ற கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் இதைவிடத் தெளிவான ஒன்று இல்லை.

எண்களும் பாட்டியின் பக்கம்தான். 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலின் இரண்டு கட்டங்களிலும் வாக்குப்பதிவு 76 சதவீதத்தைத் தாண்டியது. விடுபட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தபோது 77 சதவீதத்துக்கு மேல். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 69.72 சதவீதம். தொலைக்காட்சி விவாதம் கிடையாது, தேசியத் தலைவர்களின் ஹெலிகாப்டர் கிடையாது. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம்கூடக் கிடையாது. பூட்டு சாவிக்கும் சீப்புக்கும் குத்துவதற்காகத் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தவர்கள் இந்த வாக்காளர்கள்.

ஏன் வருகிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 2024இல் தமிழ்நாட்டு வாக்காளர்கள் சுமார் 6.23 கோடி. அதை 39 தொகுதிகளுக்குப் பிரித்தால் ஒரு எம்.பி.க்கு ஏறத்தாழ 16 லட்சம் பேர். 234ஆல் பிரித்தால் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். கிராம ஊராட்சியின் ஒரு வார்டிலோ சில நூறு ஓட்டுகள்தான். அங்கே ஒரு வீட்டில் ஐந்து ஓட்டு இருந்தால் அந்த வீட்டு வாசலில் வேட்பாளர் மூன்று முறை வந்து உட்காருவார். தன் ஒரு ஓட்டால் ஒருவர் ஜெயித்ததையும் தோற்றதையும் கண்ணால் பார்க்க முடிகிற தேர்தல் அது ஒன்றுதான்.

அதற்கு விலையும் உண்டு. சில நூறு ஓட்டில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று எண்ணி முடிப்பதற்குள் ஊர் கண்டுபிடித்துவிடும். தேர்தல் முடிந்து கோயில் திருவிழா வந்தாலும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். எம்.பி. தேர்தலுக்காக யாரும் சொந்த மச்சானோடு பேச்சை நிறுத்துவதில்லை.

டெல்லிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று

இதனால் நம் வாக்காளர்களுக்கு டெல்லி ஒரு பொருட்டில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த ஓட்டு எங்கே போய்ச் சேரும் என்று அவர்கள் அறிந்திருப்பதற்கு 2019 ஏப்ரல் 18 ஒன்றே சாட்சி. அன்று தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. தர்மபுரி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இரண்டும் அந்தப் பதினெட்டில் அடக்கம். தர்மபுரியில் எம்.பி.யாக ஜெயித்தவர் தி.மு.க. வேட்பாளர். அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் எம்.எல்.ஏ.வாக ஜெயித்தவர்கள் அ.தி.மு.க. வேட்பாளர்கள். ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி, அதே வாக்காளர்கள், அடுத்தடுத்து இரண்டு இயந்திரங்கள். டெல்லிக்கு ஒரு முடிவு, கோட்டைக்கு ஒரு முடிவு என்று பிரித்து அமுக்கிவிட்டு வந்தார்கள். அந்த ஆண்டு மாநிலம் முழுக்க 39இல் 38 இடங்களை தி.மு.க. கூட்டணிக்கு அள்ளிக் கொடுத்த மக்கள், டிசம்பரில் ஊரகத் தேர்தல் வந்தபோது மாவட்டக் கவுன்சிலர் இடங்களை இரு பெரிய கட்சிகளுக்கும் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பங்கிட்டார்கள். மக்கள் ஒரே அலையில் அடித்துச் செல்லப்படுகிறார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த முடிவுகளை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

நீட், ஜி.எஸ்.டி., காவிரி, தொகுதி மறுவரையறை என எதுவும் ஊராட்சி மன்றக் கட்டடத்தில் முடிவாவதில்லை. நூறு நாள் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தை 2005இல் நிறைவேற்றியது நாடாளுமன்றம். டெல்லியில் அன்று வேறு மாதிரி ஓட்டு விழுந்திருந்தால் அது வந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் எந்தக் கண்மாயைத் தூர்வாருவது, எந்தத் தெருக்காரர்களை முதலில் கூப்பிடுவது, மஸ்டர் ரோலில் யார் பெயர் ஏறுவது என்பதெல்லாம் ஊராட்சியில்தான் முடிவானது. சட்டம் டெல்லியில் பிறந்தாலும் கூலி ஊராட்சி வழியாகத்தான் கைக்கு வந்தது. ஆகவே இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டில் ஒன்றை ஆண்டுக் கணக்கில் நடத்தாமலே விட்டால் என்ன ஆகும்? அதை நாம் அனுபவித்தே பார்த்துவிட்டோம்.

காலி நாற்காலிகளின் காலம்

2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்று தி.மு.க. தொடர்ந்த வழக்கில், அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. டிசம்பர் 31க்குள் தேர்தலை நடத்தி முடிக்கவும் சொன்னது. அக்டோபர் 24ஆம் தேதியோடு பழைய பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. டிசம்பர் 31 வந்தது, போனது. வார்டு மறுவரையறை என்றார்கள், புது மாவட்டம் என்றார்கள், வழக்கு என்றார்கள். கிராமங்களுக்குத் தேர்தல் வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது. ஒன்பது மாவட்டங்களுக்கு ஐந்து ஆண்டு. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை.

இடைப்பட்ட காலத்தில் 'தனி அலுவலர்' என்று ஒருவர் இருந்தார். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் 12,525. ஊராட்சி ஒன்றியங்கள் 388. சராசரியாக ஒரு ஒன்றியத்துக்கு 32 ஊராட்சி. இத்தனை ஊருக்கும் தலைவரின் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலரின் தலையில் விழுந்தது. பி.டி.ஓ. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 32 ஊரின் மோட்டார் பழுதையும் 32 ஊரின் தெருவிளக்கையும் ஒரு ஜீப்பில் போய்ப் பார்க்க முடியுமா?

அந்த ஆண்டுகளில் என்னென்ன நடந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2017இல் டெங்கு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து டெல்டாவைப் புரட்டிப் போட்டது. எந்த வீடு விழுந்தது, யார் தோப்பில் எத்தனை தென்னை சாய்ந்தது என்று ஊர் சார்பில் நின்று சொல்ல, ஊர் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்காக நடுராத்திரியில் குடத்தோடு மக்கள் காத்துக் கிடந்தார்கள். 200 வார்டுகளில் ஒன்றுக்குக்கூடக் கவுன்சிலர் இல்லை. கொரோனாவின் இரண்டு அலைகளையும் நம் நகரங்கள் கவுன்சிலர் இல்லாமலே கடந்தன. பக்கத்தில் கேரளம் அதே கொரோனாவுக்கு நடுவில், 2020 டிசம்பரில், உள்ளாட்சித் தேர்தலை மூன்று கட்டமாக நடத்தி முடித்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்து, கம்பி கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. மனு கொடுக்கப் போனேன். ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்தையே காட்டினார்கள். மூன்றாம் முறை போனபோது ஓர் ஊழியர் அனுதாபத்தோடு சொன்னார்: "கவுன்சிலர் இருந்தா அவரே வந்து கத்தி வாங்கிட்டுப் போயிருவாரு சார். இப்ப கத்துறதுக்கு ஆள் இல்ல." கம்பத்தை நிமிர்த்த 41 நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

இது புதிய வியாதியும் இல்லை. தமிழ்நாட்டில் 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986இல். சென்னை மாநகராட்சி மன்றத்தை 1973இல் கலைத்தார்கள். மறுபடி மேயரும் கவுன்சிலர்களும் வந்தது 1996இல். ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் என்ன என்று தெரியாமல் வளர்ந்தது. இந்த வியாதிக்கு மருந்தாகத்தான் 73, 74ஆவது அரசியல் சாசனத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை முடித்தாக வேண்டும் என்று 243இ பிரிவு சொல்கிறது. விதிவிலக்கான சூழல் தவிர வேறு எக்காரணம் காட்டியும் தள்ளிப்போடக் கூடாது என்று 2006இல் ஆமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொன்னது. சட்டம் இருக்கிறது. மதிப்பதற்குத்தான் மனம் இல்லை.

ரத்தம் சிந்தி வாங்கிய ஓட்டு

ஊர்த் தேர்தல் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு மேலூருக்குப் பக்கத்தில் உள்ள மேலவளவைக் காட்ட வேண்டும். 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலே நடக்க விடாமல் தடுத்தார்கள். அத்தனையையும் மீறி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில், பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் பட்டியல் சாதியினர் தலைவராக முடியாதபடி பத்து ஆண்டுகள் தேர்தல் முடக்கப்பட்டது. 2006 அக்டோபரில்தான் அது முறையாக நடந்தது.

எம்.பி. தனித் தொகுதிகள் 1952 முதலே இருக்கின்றன. அதற்காக ஓர் ஊர் பத்து ஆண்டு தேர்தலை முடக்கியதில்லை. அந்த அதிகாரம் ஊர்த் தெருவுக்குள் வந்து உட்காராது என்று ஆதிக்கச் சாதியினருக்குத் தெரியும். ஊராட்சித் தலைவர் என்றால் ஊர் நடுவில் நாற்காலி, காசோலையில் கையெழுத்து, கொடிக்கம்பத்தில் கொடி. 2020 ஆகஸ்ட்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் சுதந்திர தினக் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து ஆட்சியர் நேரில் வந்த பிறகுதான் அவரால் ஏற்ற முடிந்தது. அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படத்தை நாடே பார்த்தது. எந்த நாற்காலியைக் கொடுக்க மறுக்கிறார்களோ, அந்த நாற்காலிக்குத்தான் உண்மையான மதிப்பு இருக்கிறது.

குறைகளை மறைக்க நான் விரும்பவில்லை. மனைவியைத் தலைவராக்கிவிட்டு அவர் நாற்காலியில் உட்காரும் கணவர்கள் இருக்கிறார்கள். தலைவர் பதவியை ஏலம் விட்ட செய்திகள் 2019லும் வந்தன. காண்ட்ராக்டில் கமிஷன் இல்லாத ஊர்கள் எத்தனை என்று விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும். இருந்தாலும் கோயம்புத்தூர் மாவட்டம் ஓடந்துறை என்ற சின்ன ஊராட்சி, 2006இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவி, மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்றது. அதற்கு எம்.பி. தேவைப்படவில்லை. ஊர் நம்பிய ஒரு தலைவர் தேவைப்பட்டார்.

மறுபடி மேலூருக்கே வருகிறேன். 2024 நவம்பரில் அரிட்டாபட்டியைச் சுற்றிய சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏலம் முடித்த செய்தி வந்தது. குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் சமணப் படுகைகளும் உள்ள ஊர். மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். நவம்பர் 23 கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே போனார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இந்தத் தேதிகளுக்கு நடுவில் இன்னொரு தேதி இருக்கிறது. 2025 ஜனவரி 5. அன்றோடு, மதுரை உட்பட 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் அறிவிக்கப்படவில்லை. மறுபடி தனி அலுவலர்கள். மக்கள் மதுரைக்கு நடந்த அன்று அந்தக் கிராமங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. தீர்மானம் போட்ட ஊருக்கு, அதைக் கையில் ஏந்தி நடக்கச் சட்டப்படி ஒரு ஆள் இல்லாமல் போனார். 2016இல் வழக்குப் போட்ட கட்சி ஆட்சிக்கு வந்த பிறகும் இதுதான் நிலையாக இருந்தது. அ.தி.மு.க. ஆட்சி மூன்று ஆண்டு தேர்தலைத் தள்ளியதைக் கண்டித்தவர்கள், நகரங்களோடு ஊராட்சிகளை இணைக்கிறோம், எல்லையை மாற்றுகிறோம் என்று அதே காரணங்களைத் தாங்களும் சொன்னார்கள். இரண்டு கட்சிக்கும் இதில் ஒரே முகம்தான்.

சென்னை ஏன் வரவில்லை?

2022இல் சென்னை மாநகராட்சித் தேர்தலுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 44 சதவீதம். நாடாளுமன்றத் தேர்தலில் அதே சென்னை 54 முதல் 60 சதவீதம் வரை வந்தது. கிராமத்தில் ஒரு கணக்கு, நகரத்தில் நேர் எதிர்க் கணக்கு. சென்னைக்காரர்கள் சோம்பேறிகள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குடிநீர் மெட்ரோ வாட்டரிடம், மின்சாரம் வாரியத்திடம், பெரிய கட்டடத்தின் அனுமதி சி.எம்.டி.ஏ.விடம், மற்றவை ஆணையரிடம். கவுன்சிலர் கையில் என்ன மிச்சம்? மேயரையாவது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா என்றால், 1996, 2001இல் நேரடி, 2006இல் மறைமுகம், 2011இல் நேரடி, 2022இல் மறைமுகம். ஆட்சிக்கு எது வசதியோ அதற்கேற்ப விதியை மாற்றினார்கள். அதிகாரம் இல்லாத நாற்காலிக்கு ஆள் எடுக்க ஞாயிறோ சனியோ யார் வரிசையில் நிற்பார்கள்? அதிகாரம் இருந்தால் மக்கள் வருவார்கள் என்பதைத்தான் கிராமத்து 77 சதவீதம் காட்டுகிறது.

காசுக் கதையும் இதுவே. தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்குகிறது. கேரளம் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது தன் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடமே கொடுத்தது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள்தான் என்றாலும் நம்பிக்கையின் அளவு அதில் தெரிகிறது. அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணை 29 துறைகளை ஊராட்சிக்கு என்று பட்டியல் போட்டிருக்கிறது. பட்டியலில் இருப்பது நம் ஊர்களுக்கு எப்போது முழுதாக வரும்?

டெல்லியிலும் இப்போது 'ஒரே நாடு ஒரே தேர்தல்' பேச்சு. ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கை, நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் முடிந்து 100 நாளுக்குள் உள்ளாட்சித் தேர்தலையும் நடத்தச் சொன்னது. இது எனக்கு அச்சமாக இருக்கிறது. பிரதமர் யார் என்ற இரைச்சல் அடங்குவதற்குள் எங்கள் தெரு வாய்க்காலை யார் பேசக் கேட்பார்கள்? ஊர்த் தேர்தலுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். பாட்டி நாலு சீட்டையும் நிதானமாக விசாரித்து, மை காய்ந்த பின் மடித்துப் போட நேரம் வேண்டும்.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். வாக்காளரின் அன்றாட வாழ்க்கைக்கு ஊர்த் தேர்தலே பெரியது. அதை மக்கள் எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். உணராதவர்கள் கோட்டையில் இருப்பவர்கள். மக்களவைத் தேர்தலை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் நாடு கொதிக்கும். ஊராட்சித் தேர்தலை ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போட்டாலும் நாம் ஒரு சுவரொட்டிகூட ஒட்டுவதில்லை. அந்த மௌனம்தான் அவர்களுக்குத் துணிச்சல்.

ஒன்பது மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. நகரங்களில் 2027 மார்ச்சோடு. 27 மாவட்டங்களுக்கு 2025 ஜனவரி 5 அன்றே முடிந்துவிட்டது. அடுத்து உங்கள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், இலவசத்தையும் வாக்குறுதியையும் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "எங்க ஊர்த் தேர்தல் எந்தத் தேதியில?"